எழுந்து போக முடியாதவர்கள்: கிருஷ்ணகிரி முகாமில் ஒரு மிஷனரி ஊழியர்

2020 மே மாதத்தின் மூன்றாம் வாரம். மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பிய ஒரு வேனை ஓசூரை அடுத்த ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வண்டியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புனேயில் கட்டட வேலை பார்த்த கொத்தனார்களும் சித்தாள்களும். ஒருவர் மட்டும் வேறு வேலைக்காரர். பர்கூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பழங்குடிக் கிராமங்களில் சில ஆண்டுகள் தங்கி கிறிஸ்தவ ஊழியம் செய்தவர். வயது முப்பதை ஒட்டி இருக்கும். எல்லோருக்கும் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறவர்களை அப்போது நேரே வீட்டுக்கு விடுவதில்லை. தனிமைப்படுத்தும் முகாமாக மாற்றியிருந்த ஒரு மாணவர் விடுதிக்கு அனுப்பினார்கள்.

அந்த விடுதியில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். முகாமுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோன சபைக் குழுவில் நானும் இருந்தேன். ஊழியர், முகாமைக் கவனித்த சுகாதார ஆய்வாளர், உள்ளே இருந்த ஒரு கொத்தனார், ஒரு லாரி ஓட்டுநர் ஆகியோரிடம் பின்னால் விரிவாகப் பேசினேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. நான் சபையில் வளர்ந்தவன், சுவிசேஷம் சொல்வது கடமை என்று நம்புகிறவன். அந்த இடத்திலிருந்தே ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுந்து போக வழியில்லாத ஒருவரிடம், அவர் கேட்காதபோது, மதம் பேசக் கூடாது. இந்த முகாம் அதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது.

அந்த மே மாதத்தின் நிலை

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் மூடியாயிற்று. ஏப்ரல் 10 புனித வெள்ளியும் 12 ஈஸ்டரும் பூட்டிய கதவுகளோடு கழிந்தன. ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலம் ஒரே ஒரு மாவட்டம், அது கிருஷ்ணகிரி. அந்தப் பெருமை சில நாள்கூட நிற்கவில்லை. ஆனால் அது விட்டுப்போன மனநிலை நின்றது: நோய் நம்மிடம் இல்லை, வெளியிலிருந்து வருகிறவன்தான் கொண்டுவருகிறான். தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் நடுவே போகிறது. வடக்கேயிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் ஊர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தது.

மதப்பணியாளர் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த, இஸ்லாமியப் பிரசார அமைப்பான தப்லீக் ஜமாஅத்தின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டதும், ஒரு நோயின் பரவலை ஒரு சமூகத்தின் குற்றமாகப் பேசும் வழக்கம் பரவிவிட்டது. நம் மாநில சுகாதாரத் துறை அந்தப் பெயரைத் தவிர்த்து 'ஒரே மூலத்திலிருந்து பரவியது' என்று அறிவிப்புகளில் சொல்லத் தொடங்கியது. அந்த நாள்களில் எனக்கு ஆறுதல் தந்த முடிவுகளில் அது ஒன்று. பின்னால் 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்றது. ஆனால் மே மாதத்தில் அந்தத் தீர்ப்பு எங்கே இருந்தது? 'பிரசங்கம் பண்ணப் போனவன் திரும்பி வந்திருக்கான்' என்ற ஒரு வரியே போதும், கிணற்றடியில் பேச்சு கிளம்பிவிடும்.

திரும்பி வரும் ஊழியர்களை எப்படி வரவேற்பது என்பது உலகம் முழுக்கத் தடுமாற்றமாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை 2020 மார்ச்சில் தன் மிஷனரிகளை ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திரும்ப அழைத்தது. வந்தவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களைப் பார்க்க சால்ட் லேக் சிட்டி விமான நிலைய வண்டி நிறுத்துமிடத்தில் நூற்றுக்கணக்கான உறவினர்கள் கூடிவிட்டார்கள். அன்புதான் காரணம். ஆனால் கிருமிக்கு அன்பு தெரியாது.

முதல் மாலை

விடுதியில் முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். ஒரு அறைக்கு ஒருவர் அல்லது ஒரே குடும்பத்தார். நடைபாதை பொது, குளியலறை பொது. மாலை ஆறரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வரும், எங்கள் சபை ஏற்பாட்டில்.

ஊழியர் வந்த அன்றே, அதே ஆறரை மணிக்கு, நடைபாதையில் நின்று ஒரு பாட்டுப் பாடினார். குரல் நன்றாக இருக்கும். பயந்துபோயிருந்த ஜனம், பொழுதும் போகவில்லை, கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தது. பாட்டு முடிந்து கொஞ்சம் பேசினார், ஜெபம் செய்தார். சிலர் அழுதார்களாம். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பணித்தளத்தில் மூன்று மாதம் உழைத்தாலும் சேராத கூட்டம் முதல் நாளே சேர்ந்துவிட்டதே என்று நினைத்ததாக அவரே என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஊத்தங்கரைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டார்: "சார், அந்தப் பாட்டுக்கு வந்து உட்காரலன்னா சோறு குடுக்க மாட்டாங்களா?"

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஊழியருக்கும் எங்கள் குழுவுக்கும் முன்பின் அறிமுகமே கிடையாது. ஆனால் அந்தக் கொத்தனார் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். பொட்டலம் வருகிறது, கொண்டுவருகிறவர்கள் சபைக்காரர்கள் என்று தெரிகிறது, அதே நேரத்தில் ஒருவர் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். வாசலில் போலீஸ். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் அவர் வேறு என்ன செய்வார்? கேட்காமல் மனதுக்குள் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ. அழுதவர்களில்கூட யாராவது இருந்திருக்கலாம். சுயமாக வந்து கேட்டார்களா, சோற்றுக்காக வந்து கேட்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலையை அந்த ஆறரை மணி உண்டாக்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை அந்த ஊழியத்தில் நேர்ந்த பெரிய சேதம் அதுதான். நடைபாதையில் நெருக்கி உட்கார்ந்ததால் தொற்று பரவியிருக்கலாம் என்பது இன்னொன்று. நல்லவேளை, யாருக்கும் பரவவில்லை.

சுகாதார ஆய்வாளர் சத்தம் போடவில்லை. முகக்கவசத்தோடு வாசலில் நின்று, "தம்பி, ஜெபம் பண்ணாதேன்னு நான் சொல்லல. உங்க ரூமுக்குள்ள எவ்வளவு நேரம் வேணும்னாலும் பண்ணுங்க. வராந்தாவுல ஆள் சேர்த்தீங்கன்னா நான் எழுதித்தான் அனுப்பணும்" என்றார்.

ஊழியருக்கு முதலில் கோபம்தான் வந்தது. மத சுதந்திரம் இருக்கிறதே என்று வாதாடினார். இருக்கிறது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த வாக்கியம் தொடங்கும்போதே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவரை அசைத்தது சட்டம் இல்லை. அன்று இரவு தனக்கு வேதம் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற போதகர் ஒருவருக்கு போன் போட்டு நடந்ததையெல்லாம் கொட்டினார். பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, உன் பணித்தளத்துல நீ பேசும்போது பிடிக்காதவன் என்ன பண்ணுவான்?" என்றாராம்.

"எழுந்து போயிடுவான் ஐயா."

"இங்க எங்கே போவான்?"

அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் அவர் செய்தது

அடுத்த நாளிலிருந்து அவர் பிரசங்கத்தை விட்டார். சும்மா இருக்கவும் முடியவில்லை. முகாமில் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்த வட மாநில இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். ஊருக்கு நடந்தே கிளம்பி வழியில் பிடிபட்டவர்கள். அவர்கள் சொல்வது செவிலியருக்குப் புரியவில்லை, செவிலியர் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை. ஊழியருக்கு இந்தியும் மராத்தியும் சரளம். காய்ச்சல் எப்போது தொடங்கியது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், பரிசோதனை முடிவு வர ஏன் தாமதம், வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிப்போன ஷ்ராமிக் ரயிலுக்குப் பெயர் கொடுப்பது எப்படி என்று எல்லாவற்றுக்கும் அவரே மொழிபெயர்ப்பாளர் ஆனார். சம்பள பாக்கியோடு தலைமறைவான ஒரு மேஸ்திரியை போனில் பிடித்து, பாதிப் பணத்தையாவது அனுப்ப வைத்தார். மொழி கற்றதே சுவிசேஷம் சொல்லத்தான் என்று நினைத்திருந்தவர் அவர்.

லாரி ஓட்டுநர் விஷயம் எனக்குத் தனியாக நினைவிருக்கிறது. அது ரமலான் மாதத்தின் கடைசி வாரம். அவர் நோன்பு பிடித்திருந்தார். நோன்பு திறக்கும் நேரமும் பொட்டலம் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் அதில் சிக்கல் இல்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. காலைச் சிற்றுண்டி எட்டு மணிக்கு வரும், அதை அவர் தொட முடியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நிஜாமுதீன் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் முகாமில் எதையும் கேட்டு வாங்கத் தயங்குவார் என்பது நமக்குத் தெரியாததா? அவர் பட்டினியாகவே நோன்பு வைக்கிறார் என்பதைக் கவனித்தது ஊழியர். அவர் ஆய்வாளரிடம் சொல்ல, ஆய்வாளர் எங்களிடம் சொல்ல, இரவுப் பொட்டலத்தோடு சேர்த்து வாழைப்பழமும் ரொட்டியும் கெடாத ஏதாவது ஒன்றும் தனியாக அனுப்பினோம். மே 25 பெருநாள் அன்று ஓட்டுநர் தன் அறையிலேயே தனியாகத் தொழுதார். வீட்டிலிருந்து வந்த வீடியோ அழைப்பைக் கதவோரம் நின்று ஊழியருக்கும் காட்டினார்.

இதற்கு இரண்டு நாள் கழித்து அந்தக் கொத்தனாரின் அம்மா இறந்துபோனார். கொரோனா இல்லை, வயதும் சர்க்கரையும். ஊர் பக்கம்தான், பஸ் ஓடினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இவர் கடைசி மகன். அவர்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியது இளையவர். இறுதிச் சடங்குக்கு 20 பேர் வரை அனுமதி இருந்தது, ஆனால் முகாமில் இருப்பவரை வெளியே விட வழியில்லை. ஆய்வாளர் மேலே கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது. பெரியண்ணன் கொள்ளி வைத்தார்.

கொத்தனாரின் போனில் சார்ஜ் நிற்காது. ஊழியர் தன்னிடம் இருந்த பவர் பேங்கைக் கொடுத்து, அறை வாசலில் ஆறடி தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்தார். மாலை மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை. உள்ளே ஒரு மனிதர் ஒரு சின்னத் திரையில் தன் தாயின் பாடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் போகும், வரும். போகும்போதெல்லாம் ஊழியர் கொத்தனாரின் அண்ணன் மகனுக்கு போன் செய்து மறுபடி இணைக்கச் சொல்வார். எரியூட்டு முடிந்ததும் கொத்தனார் பொதுக் குளியலறையில் தலைமுழுக வேண்டும் என்றார். அதற்குள் மற்றவர்கள் போகாமல் ஊழியர் வாசலில் நின்றுகொண்டார், வெளியே வந்ததும் கிருமிநாசினி போட்டுக் கழுவினார்.

ஜெபம் செய்தீர்களா என்று நான் கேட்டேன். "அவர் கேக்கல, நான் பண்ணல. ராத்திரி என் ரூமுல பண்ணேன்" என்றார்.

கொத்தனாரிடமும் கேட்டேன், அந்த ஆள் உங்களுக்கு என்ன செய்தார் என்று. அவர் சொன்னது: "கூட இருந்தாருங்க. பேசல." கொஞ்சம் யோசித்து, "முதல்ல புகார் சொன்னது நான்தான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் உட்கார்ந்தாரு" என்றார்.

1904இல் இதே ஊரில்

எங்கள் வட்டாரத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கர்த்தர் திறந்துகொடுத்த கதவை இவர் சாத்திவிட்டார் என்றார்கள். பழைய மிஷனரிகள் கொள்ளைநோய்க்கு நடுவிலும் ஊழியத்தை நிறுத்தவில்லையே, கிருஷ்ணகிரியிலேயே செத்தார்களே என்று உதாரணமும் காட்டினார்கள்.

உதாரணம் உண்மைதான். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து விலகி, அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபையால் 1894இல் நியமிக்கப்பட்ட தியோடர் நேதர், மறுவருடம் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். கூட நியமிக்கப்பட்டவர் ஃபிரான்ஸ் மோன். மோன் பின்னால் ஆம்பூரில் நிலைகொண்டார். அந்தச் சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகள் இந்த இருவரும். பம்பாயில் 1896இல் வெடித்த பிளேக் 1898இல் பெங்களூருக்கு வந்தது, அங்கிருந்து இந்தப் பக்கத்துக்கும் இறங்கியது. சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் முறை வந்தது. தொற்றுள்ள இடத்திலிருந்து வருகிறவர் பத்து நாள் அதிகாரியிடம் ஆஜராக வேண்டும். அந்த அதிகாரத்துக்கு அடித்தளம் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். 2020இல் நம் விடுதிக் கதவைப் பூட்டியதும் அதே சட்டம்தான். நேதர் ஊரை விட்டுப் போகவில்லை. 1904இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக்கில் இறந்தார்.

அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவரை இந்த விவாதத்துக்கு இழுக்கும்போது நோயின் தன்மையை மறந்துவிடக் கூடாது. கட்டி பிளேக்கைப் பரப்புவது பெரும்பாலும் எலியின் தெள்ளுப்பூச்சி. பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் 1898இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகள்தான் அதை நிலைநாட்டின. அதாவது, பிளேக் வந்த ஊரில் தங்கி நோயாளியின் வீட்டுக்குப் போன மிஷனரி முக்கியமாகத் தன் உயிரைத்தான் பணயம் வைத்தார். நுரையீரல் பிளேக்காக மாறினால் கதை வேறு. ஆனால் கொரோனாவில் மூச்சே வாகனம், அறிகுறி இல்லாதவரும் பரப்புவார். வீடு வீடாகப் போகும் ஊழியர் இங்கே பணயம் வைப்பது அடுத்தவரின் உயிரை, அதிலும் வீட்டில் இருக்கும் வயதானவரின் உயிரை. ஒரே தைரியம் ஒரு நோயில் தியாகமாகிறது, இன்னொரு நோயில் அத்துமீறலாகிறது. 1904இன் ஊழியர் ஊரில் தங்கியதற்கும் 2020இன் ஊழியர் அறைக்குள் தங்கியதற்கும் பின்னால் இருந்த மனம் ஒன்றே என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு

பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. வீட்டுத் தனிமை தொடர்ந்தது. வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். அது நோயைவிட அதிகம் பேசியது. பால்காரர் வரவில்லை, அம்மாவைக் குழாயடியில் கடைசியாக நிற்கச் சொன்னார்கள். தாளை எடுத்த பிறகும் சில வாரம் அப்படித்தான். பணித்தளத்தில் அவருக்கு வரும் படியும் பாதியாகிவிட்டது. மாதாமாதம் சிறுதொகை அனுப்பித் தாங்குகிறவர்களின் காணிக்கையில்தான் இத்தகைய ஊழியங்கள் நடக்கின்றன, அவர்களுக்கே அப்போது வேலை இல்லை. மாங்கூழ் ஆலை ஒன்றில் அந்தப் பருவம் முழுக்கக் கூலிக்குப் போனார்.

ஜூலை 1 முதல் கிராமங்களில் சிறு வழிபாட்டுத் தலங்களையும், செப்டம்பர் 1 முதல் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசு கட்டுப்பாடுகளோடு திறக்க அனுமதித்தது. அதுவரை அவர் ஊர்ச் சபையில் வயதான பெண்களுக்கு ஆராதனை சாதாரண பட்டன் போனில் கான்பரன்ஸ் அழைப்பாக நடந்தது. யூடியூப் ஆராதனையைவிட அதுதான் பிடித்தது என்று பலர் சொன்னார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஆராதனை.

எங்கள் குழுவில் இந்த முகாமுக்குப் பின் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பொட்டலத்துக்குள் சுவிசேஷம் அச்சிட்ட துண்டுத்தாளான கைப்பிரதி வைக்கலாம், வேண்டியவர் படிக்கட்டும் என்று ஒரு தரப்பு. வேண்டாம் என்று நாங்கள் சிலர். கடைசியில் முடிவு இப்படி ஆனது. பொட்டலத்தில் சபையின் பெயர் இருக்காது. ஊராட்சிப் பணியாளர் கையால் கொடுக்கப்படும். முகாம் மேசையில் ஒரு தாள் ஒட்டப்படும், அதில் பேச ஆள் தேவைப்படுகிறவர்களுக்காக ஒரு போதகர், ஒரு மசூதி இமாம், ஒரு கோயில் பூசாரி, ஒரு மனநல ஆலோசகர் ஆகியோரின் எண்கள், அவர்கள் சம்மதத்தோடு. யாருக்கு வேண்டுமோ அவர் கூப்பிடுவார். கைப்பிரதித் தரப்பில் தாராளமாகக் கொடுத்துவந்த ஒருவர் அதோடு காணிக்கையை நிறுத்திக்கொண்டார். வருத்தம்தான், ஆனால் முடிவை மாற்றவில்லை.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடி முகாம்கள் திறந்தபோது அதே தாளை ஒட்டினோம். அழைப்புகள் வந்தன. நம் ஊழியரும் எண் கொடுத்திருந்தார், அவருடையது இந்தி, மராத்தி பேசுகிறவர்களுக்கு என்று குறிப்பிட்டிருந்தது. அவருக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை பரிசோதனை முடிவு எப்போது வரும் என்று கேட்டவை. சிலர் ஜெபிக்கச் சொன்னார்கள், அவர்களோடு ஜெபித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பணித்தளத்துக்குத் திரும்பிப் போனார்.